வண்ணக்கரின் கணக்கு

புளியந்தீவில் மாலை நேரம் விரைவாக அமைதியடைந்துவிடும். பாடசாலைகளும் காரியாலயங்களும் விட்டபின் கோட்டைமுனைப் பாலத்தால் சனங்கள் வீடு திரும்பிவிட, வாவி சூழ்ந்த அந்தச் சிறு தீவில் கடைக்காரரும் என்னைப் போன்ற பழைய குடியிருப்பாளர்களுமே எஞ்சுவோம். 2023ஆம் ஆண்டு அத்தகைய ஒரு மாலைப் பொழுதில் ஒரு தாய் என் வீட்டுப் படலையைத் தட்டினார். வலையிறவுப் பாலத்துக்கு அப்பால், வவுணதீவுப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அவருடைய மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். எங்கள் ஆசிரியர் ஒருவரின் பெயரால் பழைய மாணவர்கள் நாங்கள் நடத்தும் சிறு புலமைப்பரிசில் நிதியில் அவளும் ஒருத்தி. அந்த நிதிக்குப் பொறுப்பான மூவருள் நானும் ஒருவன்.

கதிரையின் நுனியில் அமர்ந்தபடியே அவர் கேட்டார்:

"ஐயா, குறை நினைக்காதீங்க. ரெண்டு மாதமாக மகளுக்குக் காசு வரல்ல. இனி வருமா, வராதா? நிதியில எவ்வளவு இருக்கு, எத்தனை பிள்ளைகளுக்குக் குடுக்கிறீங்க எண்டு தெரிஞ்சாலும் நாங்க ஒரு முடிவெடுக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. அதை மறைக்கவும் தெரியாமல், "ஏன் பிள்ளை, எங்களில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்பிடி இல்ல ஐயா. காசு வருமெண்டால் பஸ்ஸில போய்வரலாம். வராதெண்டால் அவளைத் தாய்மாமன் வீட்டில விடவேணும். அதுக்குத்தான் கேட்டன்" என்றார்.

விசாரித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பிவைத்தேன். தேநீர்கூடக் கொடுக்கவில்லை என்பது அவர் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். கேள்வி கேட்பதே என் பிழைப்பாக இருந்தது. அமைச்சர்களிடமும் அரசாங்க அதிபர்களிடமும் இராணுவ அதிகாரிகளிடமும், பதில் வராது என்று தெரிந்த இடங்களிலும்கூடக் கேட்டிருக்கிறேன். "உமக்கு எதற்கு அது?" என்று முகம் சுளித்தவர்களைப் பற்றி நண்பர்களிடம் எள்ளலோடு பேசியிருக்கிறேன். அந்த மாலையில் அதே முகச்சுளிப்பு என் முகத்தில் ஏறியிருந்தது. ஏழைத் தாயொருத்தி என்னிடம் கணக்குக் கேட்டுவிட்டாளே என்ற எண்ணம் முதலில் தோன்றியது. அவர் கேட்டதில் பிழை என்ன என்ற எண்ணம் அதற்குப் பிறகே வந்தது.

அன்றிரவு நிதியின் கோவையை எடுத்துப் பார்த்தேன். வங்கியின் நிலையான வைப்புப் பத்திரங்கள், மூவரும் கையெழுத்திட்ட கூட்டக் குறிப்புகள், கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் பழைய மாணவர்களுக்கு ஆண்டுதோறும் மின்னஞ்சலில் அனுப்பிய அறிக்கைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒரு சதமும் காணாமற் போகவில்லை. ஆயினும் அவ்வாண்டின் கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. ஆசிரியரின் நூற்றாண்டு நினைவு மலரை அச்சிடும் செலவுக்காக ஒரு தவணைக்குரிய உதவிப் பணத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்துவது என்று மூவரும் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தோம். என் கையெழுத்தும் அங்கே இருந்தது. கூட்டம் முடிந்து வடை உண்டு கலைந்ததும் நினைவிருக்கிறது. இப்படி ஒரு தீர்மானம் எடுத்ததாக வெளிநாட்டு நண்பர்களுக்கு எழுதினோம். அவர்களும் வாழ்த்தி மறுமொழி அனுப்பினார்கள். பணத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகளுக்கு மட்டும் எவரும் சொல்லவில்லை.

கொடுத்தவர்களுக்கு நாங்கள் ஆண்டுதோறும் கணக்குக் காட்டினோம். எவருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களுக்கு ஒருமுறையேனும் காட்டவில்லை. அவர்களும் கணக்குக் கேட்க உரியவர்கள் என்ற நினைப்பே எங்கள் மூவருக்கும் இருந்ததில்லை.

சட்டம் இந்த விடயத்தை எங்களைக் காட்டிலும் தெளிவாகப் பார்க்கிறது. இலங்கையில் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னோடியாக இருந்தது இந்தியாவின் 1882ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம். அந்த இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பொறுப்பாளர் தெளிவான, சரியான கணக்கு வைத்திருக்க வேண்டும் என்றும், பயன்பெறுபவர் கேட்டால் நியாயமான எந்த வேளையிலும் சொத்தின் அளவையும் நிலைமையையும் முழுமையாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 57ஆம் பிரிவின்படி, பயன்பெறுபவர் நம்பிக்கை உறுதியையும் கணக்குகளையும் பார்வையிடலாம், பிரதி எடுக்கலாம். பொறுப்பாளர் தம் கடமைக்காகப் பெற்ற சட்ட ஆலோசனையைக்கூடப் பார்க்கலாம். நமது கட்டளைச் சட்டமும் பொறுப்பாளர்மீது அதே கடமையைச் சுமத்துகிறது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. நம்பிக்கைப் பொறுப்பில் சொத்து ஒருவர் பெயரில் இருக்கும், அதன் பயன் இன்னொருவருக்குச் சேரும். காணி உறுதியிலும் வங்கிப் புத்தகத்திலும் இருப்பது பொறுப்பாளரின் பெயர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவரே உரிமையாளர். அவர் உரிமையாளர் அல்லர் என்பதற்கு இருக்கும் அடையாளம் ஒன்றே: கேட்பவருக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடமையை நீக்கிவிட்டால், பிறர் பொருளைக் காப்பவருக்கும் தன் பொருளை அனுபவிப்பவருக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை. இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் ஆர்மிடேஜ் எதிர் நர்ஸ் என்ற வழக்கில் இதையே வேறு விதமாகச் சொன்னது. பயன்பெறுபவர் பொறுப்பாளருக்கு எதிராக நடைமுறைப்படுத்தக்கூடிய உரிமை எதுவுமே இல்லையென்றால், அங்கே நம்பிக்கைப் பொறுப்பு என்ற ஒன்றே இல்லை என்பது அதன் சாரம்.

2003ஆம் ஆண்டில் கோமறைக் கழகம், அதாவது பிரிவிக் கவுன்சில், இதை மேலும் ஒரு படி கொண்டுசென்றது. உருசிய எண்ணெய் நிறுவனமான லுக்கொயிலின் உயரதிகாரி விட்டாலி சிமித் இறந்தபின், மான் தீவில் அவர் ஏற்படுத்திய நிதியங்களின் விவரங்களை மகன் கேட்டார். அந்தச் சொத்தில் உனக்கு உறுதியான பங்கு இல்லை, ஆகவே தகவலும் இல்லை என்பது பொறுப்பாளர் தரப்பின் வாதம். கோமறைக் கழகம் அதை ஏற்கவில்லை. தகவல் கேட்க உறுதியான பங்கு இருந்தாக வேண்டியதில்லை என்றும், நம்பிக்கைப் பொறுப்புகளை மேற்பார்வை செய்வது நீதிமன்றத்தின் இயல்பான அதிகாரம், அந்த அதிகாரத்தின் கீழ் தகவலை வழங்கும்படி பணிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. பயன் கிடைக்கக்கூடும் என்ற நிலையில் இருப்பவரும் நீதிமன்றத்தை நாடலாம் என்பதே அதன் பொருள். இலங்கையிலிருந்து கோமறைக் கழகத்துக்குச் செல்லும் மேன்முறையீடுகள் 1971இல் நின்றுபோயின. ஆகவே அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதிலுள்ள நியாயத்துக்குக் கடல் தடையன்று.

நியாயத்தைத் தேடி நாம் அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. மட்டக்களப்புத் தேசத்துக் கோயில்களில் நிருவாகப் பொறுப்பாளரை வண்ணக்கர் என்று அழைப்பது வழக்கம். குடி வழியாக வருகின்ற மரியாதைக்குரிய பதவி அது. இந்தச் சொல்லின் பழைய பொருளை நம்மவர் பலர் அறிவதில்லை. பழந்தமிழில் வண்ணக்கன் என்பவன் நாணயம் பார்ப்பவன். காசு நல்லதா, கள்ளக் காசா என்று சோதித்துச் சொல்பவன். அந்தப் பெயரை அடையாகக் கொண்ட புலவர்கள் சங்க காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். காசைச் சோதிப்பவனின் பெயரையே கோயிற் பொருளைக் காப்பவருக்கு நம் முன்னோர் வழங்கினர். சோதனை என்பது அந்தப் பதவியின் பெயரிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஏன் கோபம் வருகிறது?

காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டுக்கும் மற்றது 921ஆம் ஆண்டுக்கும் உரியவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் விதிகளை அவை கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. உறவினரையும் சேர்த்துத் தள்ளிவைத்தது இன்றைய கண்ணுக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கணக்குக் காட்டாமை திருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சபையினர் காத்திருக்கவில்லை. காட்டாமையே போதிய குற்றம் என்று கண்டார்கள்.

பத்திரிகைத் தொழிலில் நான் செய்த ஒரு பிழையையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். இளம் நிருபராக இருந்த காலத்தில், வாவியோரக் கிராமமொன்றிலிருந்து நான்கைந்து பேர் என்னைத் தேடி வந்தார்கள். தங்கள் கோயிலுக்குச் சொந்தமான வயலின் குத்தகைப் பணம் என்னவாகிறது என்று தெரியவில்லை, கேட்டால் சாமி குற்றம் என்று பயமுறுத்துகிறார்கள் என்பது அவர்களின் முறைப்பாடு. பொறுப்பில் இருந்தவர் எனக்குத் தூரத்து உறவு. ஊர் மானத்தைப் பத்திரிகையில் ஏற்றக்கூடாது என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன். அப்போது அதைப் பண்பு என்று நினைத்தேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நான் காத்தது ஊரின் மானத்தையன்று, ஒருவருடைய வசதியை.

அவர்களுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய வழியொன்று சட்டத்தில் இருந்தது. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 102ஆம் பிரிவின்படி, ஒரு வழிபாட்டுத் தலத்தில் ஈடுபாடு உடைய ஐந்து பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். அதற்கு முன்னதாக அரசாங்க அதிபருக்கு மனுக் கொடுத்து, விசாரணை நடத்தப்பட்டு, விடயம் நீதிமன்றத்தின் கவனத்துக்கு உரியது என்ற சான்று பெற வேண்டும். மனுக் கொடுக்கவேண்டிய கச்சேரி அந்நாளில் புளியந்தீவுக் கோட்டைக்குள்ளேதான் இயங்கியது. என் மேசையிலிருந்து கச்சேரி வாசலுக்கு நடந்தே போகும் தூரம். 107ஆம் பிரிவு இன்னும் ஒரு நன்மை செய்கிறது. எழுதப்பட்ட உறுதி இல்லாவிட்டாலும், சூழ்நிலைகள் அனைத்தையும் பார்த்து அறப்பணி நம்பிக்கைப் பொறுப்பு ஒன்று உண்டென நீதிமன்றம் கொள்ளலாம். உறுதி எங்கே என்று கேட்டு ஏழைகளின் வாயை அடைப்பது அவ்வளவு எளிதன்று.

பொதுவான அறப்பணி நிதி ஒன்றுக்கும் ஒரு குடும்பத்துக்கென எழுதப்பட்ட தனியார் நிதிக்கும் இவ்விடத்தில் ஒரு வேறுபாடு உண்டு என்பதையும் குறிப்பிட வேண்டும். தந்தை தன் பிள்ளைகளுக்கென விட்டுச்சென்ற சொத்தில், அந்தப் பிள்ளைகளே நேரடியாகக் கணக்குக் கேட்கலாம். கல்விக்கு, வறியோருக்கு, சமயத்துக்கு என விடப்பட்ட பொது நிதியில் பயன்பெறுவோர் ஒரு கூட்டம். அவர்களுக்காகப் பேசும் பொறுப்பு சட்டமா அதிபருக்கும் உண்டு. ஆனால் கொழும்பிலுள்ள சட்டமா அதிபர் வவுணதீவுப் பிள்ளையின் பஸ் காசைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. கேட்க அந்தத் தாய் ஒருவரே இருந்தார்.

பயனாளி என்ற சொல் மட்டக்களப்பின் பாமர மக்கள் வாயிலும் புழங்கத் தொடங்கியது 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னரே. நாவலடியிலும் கல்லடியிலும் உயிர் தப்பியவர்கள் ஒரே நாளில் பயனாளிகள் ஆனார்கள். பயனாளிகள் பட்டியல், பயனாளிகள் கூட்டம், பயனாளிகள் தெரிவு என்று எங்கும் அதே சொல். கொடுத்த நாட்டின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் பெரிய பலகைகளில் எழுதப்பட்டன. பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை, வந்த பணம் எவ்வளவு என்று கேட்டவர்களைக் குழப்பக்காரர்கள் என்றார்கள். பெறுபவன் நன்றி சொல்ல வேண்டும், கேள்வி கேட்கக்கூடாது என்ற எழுதாச் சட்டமொன்று அக்காலத்தில் இங்கே நிலவியது. அதைக் கண்டித்து எழுதியவர்களில் நானும் ஒருவன். அதே சட்டத்தை என் வீட்டுக் கதிரையில் இருந்தவாறு நானே பிரயோகித்தேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்க முடியாது என்பது அதன் சிறப்பு. அரசாங்கத்தின் அல்லது வெளிநாட்டு அரசின், சர்வதேச நிறுவனத்தின் பணத்தில் பெருமளவு தங்கியிருந்து பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களும் அதற்குள் அடங்கும். ஆனால் ஊர்க் கோயிலும், பழைய மாணவர் நடத்தும் எங்களுடையதைப் போன்ற சிறு நிதியும் பொதுவாக அந்த வலைக்குள் அகப்படுவதில்லை. நமது சமூகத்தில் அறப்பணிகளின் பெரும்பகுதி இத்தகைய சிறு கைகளில்தான் இருக்கிறது.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தில் ஓர் அறநிலையத்தின் அண்மைய ஆண்டுக் கணக்கை எவரும் எழுத்தில் கேட்டுப் பெறலாம். அறநிலைய ஆணைக்குழுவின் பதிவேட்டை இணையத்தில் பார்க்கலாம். கனடாவிலும் பதிவுபெற்ற அறநிறுவனங்கள் வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் ஆண்டுத் தகவல்களின் பெரும்பகுதி பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. இலண்டனில் தான் வணங்கும் கோயிலின் கணக்கை அங்குள்ள தமிழர் கைபேசியில் பார்க்கிறார். அவர் அனுப்பும் பணம் புளியந்தீவில் என்னவாகிறது என்பதை அறிய என்னைப் போன்ற ஒருவரின் மின்னஞ்சலை நம்பியிருக்கிறார். அந்தப் பணத்தால் படிக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த மின்னஞ்சலும் கிடைப்பதில்லை.

பொறுப்பாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைக்க முடியாது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1960களிலேயே இதை ஏற்றுக்கொண்டன. தமது விருப்புரிமையின்படி ஒருவருக்குக் கொடுத்ததற்கும் மற்றவருக்குக் கொடுக்காததற்கும் உரிய காரணங்களைப் பொறுப்பாளர் வெளியிட வேண்டியதில்லை என்றன. எங்கள் நிதியிலும் எந்தப் பிள்ளையின் தகப்பன் குடிகாரன், எந்தப் பிள்ளையின் தாய் வெளிநாட்டில் பணிப்பெண், எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதெல்லாம் விண்ணப்பங்களில் இருக்கின்றன. அவற்றை அறிவித்தற் பலகையில் ஒட்டுவது அறமன்று. ஆனால் எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தோம், எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த விதியின்படி, எவ்வளவு மீதி என்பதில் எந்தப் பிள்ளையின் மானமும் இல்லை. அங்கே மறைப்பதற்கு எங்கள் வசதியைத் தவிர வேறு காரணமும் இல்லை.

மற்ற இருவரையும் அழைத்துப் பேசினேன். ஒருவர் உடனே ஏற்றுக்கொண்டார். மற்றவர் நெடுநேரம் வாதாடினார். நாம் ஒரு சதம் தொட்டதில்லையே, ஏன் இவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய மனத்தாங்கல். அவர் நேர்மையானவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகளின் கல்விக்கு என்று வந்த பணத்தை மலருக்குத் திருப்பியபோது மூவரும் சேர்ந்து வரம்பு மீறினோம் என்பதும், எவரும் கேட்காததால்தான் அது எங்களுக்கு வரம்பாகவே தெரியவில்லை என்பதும் ஈற்றில் அவருக்கும் விளங்கிற்று. மலருக்குச் செலவான தொகையை மூவரும் எங்கள் கைகளிலிருந்து நிதிக்குத் திருப்பிச் செலுத்தினோம். நிலுவையாக இருந்த உதவிப் பணம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டின் வரவு செலவை ஒரே பக்கத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் தமிழில் எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். மலருக்கு எடுத்ததையும் திருப்பிக் கட்டியதையும் தனித்தனி வரிகளாக எழுதினோம். அந்த இரண்டு வரிகளையும் எழுத எனக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

இரண்டு வாரங்களின் பின் அந்தத் தாய் மீண்டும் வந்தார். இம்முறை தேநீர் கொடுத்தேன். மகள் பஸ்ஸிலேயே போய்வருகிறாள் என்றார். பிறகு கைப்பையிலிருந்து நாங்கள் அனுப்பிய தாளை எடுத்து விரித்து, ஒரு வரியின்மீது விரலை வைத்தார்.

"ஐயா, இந்த வங்கிச் செலவெண்டது என்ன? இது ஒவ்வொரு வருசமும் போகுமா?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவருக்கு அதை விளக்கிச் சொன்னேன்.